எதற்குச் சரி சொன்னேன்

என் கணவரின் முகத்தை அந்த வருடம் நான் சதுரம் சதுரமாகத்தான் பார்த்தேன்.

அவர் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு பெரிய கம்பெனியின் மெயின்டெனன்ஸ் பிரிவில் இருந்தார். கம்பெனி ஜெர்மனியிலிருந்து புது மெஷின் ஒன்றை வாங்குவதாக முடிவானதும், அதைப் பழகிக்கொண்டு வர அவரை அங்கே அனுப்பினார்கள். எட்டு மாதம் என்று பேச்சு. இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அவை. கிளம்புவதற்கு முன் அவர் ஒரு லேப்டாப் வாங்கினார், வீட்டுக்கு பிராட்பேண்ட் இழுத்தார், படுக்கையறை அலமாரியின் மேல் இரண்டு கொம்பு வைத்த ஒரு பெட்டியை ஏற்றினார். அதுதான் ரவுட்டர் என்றார். பச்சை விளக்குகள் மினுக்மினுக்கென்று எரிந்தன.

“இனிமே ஒயரே வேண்டாம். வீட்டுல எங்க வேணாலும் உக்காந்து பேசலாம்” என்றார். சமையலறை வரை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடந்து காட்டினார். சிக்னலைக் காட்டும் கோடுகள் அடுப்பு மேடை வரைக்கும் நிறைந்தே இருந்தன.

நானும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஸ்பிரிங் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவு. எங்கள் இருவருக்குமே சொந்த ஊர் தெற்கே. அவருக்குக் கோவில்பட்டிப் பக்கம், எனக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகுதான் நான் ஓசூரையே பார்த்தேன். தனியாக இருக்க வேண்டாம் என்று மாமனாரைத் துணைக்கு அனுப்பிவைத்தார்கள். மாமியார் காலமாகிச் சில வருடம் ஆகியிருந்தது. மாமா நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். ஓசூர்க் குளிரைத்தான் அவரால் நம்பவே முடியவில்லை. மார்ச் மாதத்தில்கூட மஃப்ளரோடு உட்கார்ந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களுக்குப் பேசும் நேரம். கணவருக்கு அங்கே காலை. எங்கள் வாடகை வீட்டில் மேஜை, நாற்காலி, சார்ஜர் செருகும் பிளக் எல்லாம் படுக்கையறையில்தான் இருந்தன. ஆனால் மாமா எங்கள் படுக்கையறைக்குள் கால் வைக்கமாட்டார். நான் கூப்பிட்டால் நிலைப்படிக்கு வெளியே நின்று “இருக்கட்டும்மா” என்பார். அதனால் லேப்டாப்பை முழுக்க சார்ஜ் போட்டு, ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஹாலுக்கு எடுத்துவந்து ஸ்டூலின் மேல் வைப்பேன். ஹாலில் வேலை செய்யும் பிளக் ஒன்றே ஒன்றுதான். அதில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். மகன் திரையில் வரும்வரை மாமா செய்தி பார்ப்பார்.

முதல் ஞாயிறு மாமா இஸ்திரி போட்ட சட்டை உடுத்தி, தலையை நனைத்து வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஸ்டூடியோவில் போட்டோ எடுப்பதுபோல முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டார். கணவரின் முகம் வந்தது. “அப்பா, சாப்...” என்றது. அப்படியே நின்றுவிட்டது. வாய் பாதி திறந்திருந்தது. மூக்குக்குக் கீழே எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்துபோயின. நாங்கள் காத்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து முகம் அசையாமலேயே குரல் மட்டும் வேகமாக வந்து கொட்டியது. “...பிட்டீங்களா குளிரு எப்படி இருக்கு மாத்திரை போடுறீங்களா.”

மாமா ஒவ்வொன்றாகப் பதில் சொல்லத் தொடங்கினார். சாப்பிட்டேன் என்றார். பதில் இல்லை. குளிர் ஜாஸ்தி என்றார். பதில் இல்லை. மாத்திரை என்று அவர் வாயெடுத்தபோது, “என்ன சாப்பாடு?” என்று கேள்வி வந்தது.

“மாத்திரைய என்ன சாப்பாடுன்னு கேக்கான்?” என்று மாமா என்னைப் பார்த்தார்.

பிறகு ஒரு நேரம் கணவர், “அப்பா ஸ்டக் ஆயிட்டாங்க. உங்க பக்கம்தான் பிரச்சினை” என்றார். மாமா ஸ்டக் ஆகவில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். “மாமா, கொஞ்சம் கையை ஆட்டுங்க” என்றேன். அவர் மெதுவாக வலது கையைத் தூக்கி, தேர்தலுக்கு ஓட்டுக் கேட்பவர்போல அசைத்தார். அது ஜெர்மனிக்குப் போய்ச் சேர்வதற்குள் கையைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளும் இப்படியே. சிக்னல் கோடு மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை. அதுதான் என்னைக் குழப்பியது. கோடு குறைந்திருந்தால் சிக்னல் இல்லை என்று சமாதானம் ஆகியிருப்பேன். கோடு எல்லாம் நிறைந்திருக்கும்போது எதை நொந்துகொள்வது?

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர், “இது பார்டர் மேடம். கர்நாடகா டவரும் தமிழ்நாடு டவரும் ஒண்ணோட ஒண்ணு அடிச்சிக்கினு இருக்குது. நம்ம போனுக்கே மாறி மாறித்தான வருது?” என்றார். அது உண்மைதான். என் மொபைல் பாகலூர் ரோட்டில் தமிழிலும் வீட்டு மொட்டைமாடியில் கன்னடத்திலும் என்னை வரவேற்கும். ஆனால் இது தரையில் புதைந்து வரும் டெலிபோன் ஒயரில் வரும் நெட் ஆயிற்றே என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “வீட்டுக்குள்ள காத்துலதான மேடம் வருது?” என்றார். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. இரண்டு வாரம் அதையே நம்பினேன்.

கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா வீட்டுக்குள் தெலுங்கும், காய்காரரிடம் கன்னடமும், எங்களிடம் தமிழும் பேசுவார். அவர் மேலே வந்து ரவுட்டரை அண்ணாந்து பார்த்தார். “எங்க வீட்டுல ஒயர் இல்லாத போன் ஒண்ணு இருக்குதும்மா. அதுல பேசினா டிவியில கோடு கோடா வருது. அது உனக்கும் தொந்தரவு பண்ணுதோ என்னமோ” என்றார். நல்ல மனசு. ஞாயிறு மதியம் அந்தப் போனை அணைத்தே வைத்தார். அந்த ஞாயிறும் கணவரின் முகம் நின்றது. அந்த அம்மாவின் தங்கை சூளகிரியிலிருந்து போன் போட்டுக் கிடைக்காமல், என்னவோ ஏதோ என்று பதறிக்கொண்டு சாயங்காலம் நேரிலேயே வந்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்கார அம்மாவைத் தொந்தரவு செய்யவில்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவரைக் கூப்பிட்டேன். கெலமங்கலத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். கழுத்தில் ஒரு பென்டிரைவைத் தாலிக்கொடிபோலத் தொங்கவிட்டிருப்பார். ஹாலில் உட்கார்ந்ததும் டிவி பிளக்கைப் பிடுங்கினார், என்னிடம் கேட்டு வாங்கி லேப்டாப் சார்ஜரைச் செருகினார். செய்தி பாதியில் நின்றதில் மாமாவுக்கு வருத்தம். எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

ரிப்பேர்க்காரர் ஏதேதோ தட்டினார். ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். அது தண்ணீர்போல ஓடியது.

“நல்லாத்தான் இருக்குதுங்களே மேடம்.”

“ஞாயித்துக்கிழமை மட்டும்தான் இப்படி ஆகுது.”

“ஞாயித்துக்கிழமை எல்லாரும் நெட்டுல இருப்பாங்கோ. அதனால லோடு” என்றார். இருந்தாலும் வந்ததற்கு உள்ளே இருக்கும் வயர்லெஸ் அடாப்டரின் டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டார். டிரைவர் என்றால் அடாப்டரை ஓட்டுகிற சாஃப்ட்வேர் என்று எனக்கு விளக்கினார். அடாப்டர் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. ரவுட்டரின் சேனலை மாற்றினார். கொம்பு ஒன்றைச் சாய்த்து வைத்தார். எல்லாம் முடிந்து அவர் போன பிறகு வந்த ஞாயிறு, நான் சார்ஜரைப் பிடுங்கி லேப்டாப்பை ஹாலுக்கு எடுத்துவந்தேன். கணவர் “ஹலோ” என்றார். முகம் நின்றது.

ரிப்பேர்க்காரரை மறுபடி கூப்பிட்டேன். மறுபடி வந்தார், சார்ஜரைச் செருகினார், எல்லாம் ஓடியது. மூன்றாவது தடவை லேப்டாப்பைக் கடைக்கே எடுத்துப் போய் ஒரு வாரம் வைத்திருந்தார். அங்கே ஒரு கோளாறும் இல்லை. “நான் இருந்தா அது ஒழுங்கா இருக்குதுங்க” என்று திருப்பிக் கொடுத்தார். அவர் கிண்டல் செய்யவில்லை. அவர் முகத்திலும் என்னுடையதைப் போன்ற குழப்பம்தான் இருந்தது. எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்தது. நான் எதையோ தப்பாகத் தொடுகிறேனோ? ஹாலின் சுவரில் ஏதாவது இருக்கிறதோ? ஸ்டூலைத் திசை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மாமாவின் மஃப்ளர் முதற்கொண்டு சந்தேகப்பட்டேன்.

இதற்குள் நாங்கள் மூன்று பேரும் அந்தத் தாமதத்துக்கு ஏற்றபடி பேசப் பழகிவிட்டிருந்தோம். எதைக் கேட்டாலும் பதிலுக்காகக் காத்திருக்காமல் அடுத்ததைக் கேட்பது. புரியாவிட்டாலும் தலையை ஆட்டிவைப்பது. ரொம்பவும் மோசமாகிவிட்டால் கணவர், “கட் பண்ணிட்டுத் திரும்பக் கூப்பிடவா?” என்பார். எனக்குப் பெரும்பாலும் கடைசி ‘வா?’ மட்டும்தான் கேட்கும். “சரி, சரி, பண்ணுங்க” என்பேன். அவர் துண்டித்துவிட்டுக் கூப்பிடுவார். எல்லா ஞாயிறும் இது நாலைந்து தடவை நடக்கும்.

அவர் போய் ஐந்தாவது மாதம் இருக்கும். ஒரு ஞாயிறு அவர் எதையோ நீளமாகச் சொன்னார். முகம் நெற்றியோடு நின்றுவிட்டது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல விட்டுவிட்டு வந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் ‘...வா?’ என்று கேட்டது.

“சரி, சரி, பண்ணுங்க” என்றேன்.

நீண்ட நேரம் சத்தமில்லை. பிறகு, “நெசமாவா?” என்றார்.

“ஆமாங்க, பண்ணுங்க.”

அவர் திரும்பக் கூப்பிட்டபோது முகம் கொஞ்சம் தெரிந்தது. ஏதோ சந்தோஷமாக இருந்தார் என்று தோன்றியது. கட்டங்களுக்கு நடுவில் பல் தெரிந்தது. நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் மாமா கடைக்குப் போய் ஒரு ரவை பாக்கெட் வாங்கிவந்து அடுப்பு மேடையில் வைத்தார். வீட்டில் ரவை இருந்தது. எதற்கு வாங்கினார் என்று புரியவில்லை. உப்புமா சாப்பிட ஆசை போலிருக்கிறது என்று மறுநாள் காலை கிண்டிக் கொடுத்தேன். பேசாமல் சாப்பிட்டார்.

மூன்று வாரம் கழித்து, வேலை முடிந்து வரும் வழியில் காய்கறிக் கடையில் கணவரோடு வேலை பார்ப்பவரின் மனைவியைப் பார்த்தேன். அவர் கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே, “நீங்களும் சீக்கிரம் கிளம்பிடுவீங்க. அப்புறம் எங்களையெல்லாம் ஞாபகம் வச்சிருப்பீங்களா?” என்றார்.

“எங்க கிளம்புறேன்?”

“என்னங்க இப்படிக் கேக்கறீங்க? உங்க வீட்டுக்காரரு இன்னும் ரெண்டு வருசம் அங்கயே இருக்க ஒத்துக்கிட்டாராமே. கம்பெனில எல்லாரும் பேசிக்கறாங்க.”

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. “ஆமா, ஆமா” என்று ஏதோ சொல்லியிருப்பேன். வாங்கிய காயை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, பில்லைப் பற்றி யோசிக்காமல், லேண்ட்லைனிலிருந்தே ஜெர்மனிக்குப் போட்டேன். அவர் வேலையில் இருந்தார். பின்னால் மெஷின் சத்தம்.

“ரெண்டு வருஷம் இருக்கேன்னு சொல்லிட்டீங்களா?”

“ஆமா. அதான் உன்கிட்ட கேட்டுட்டுத்தான சொன்னேன்?”

“என்கிட்ட எப்பக் கேட்டீங்க?”

“அன்னைக்கு ஞாயித்துக்கெழமை. மேனேஜர் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாரு, கொஞ்ச நாள் கழிச்சு உன்னையும் கூட்டிக்கலாம், சரின்னு சொல்லிரவான்னு கேட்டேன். நீ சரி சரி, பண்ணுங்கன்னு சொன்ன. நெசமாவான்னு மறுபடி கேட்டேன். அதுக்கும் ஆமான்ன.”

சொன்னது நான்தான். அந்த வார்த்தைகளேதான். ஆனால் நான் சொன்னது அதற்கில்லை.

“நீங்க கட் பண்ணிட்டுத் திரும்பக் கூப்பிடவான்னு கேட்டதா நெனச்சேன்.”

“இப்ப வந்து சொன்னா எப்படி? நான் வாக்குக் குடுத்துட்டேன்” என்றார்.

“ரெண்டு வருஷத்த, காது கேக்காத நேரமாப் பாத்தா கேப்பாங்க?”

“உனக்குக் கேக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

போனை வைத்துவிட்டேன்.

மாமா பால்கனியில் இருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். அவர் பக்கத்தில் போய் நின்று, “மாமா, அன்னைக்கு அவர் என்ன கேட்டார்னு உங்களுக்குக் கேட்டுச்சா?” என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தார். “எனக்கு எங்கம்மா கேட்டுச்சு? ரவா, ரவான்னு என்னமோ சொன்னான். வீட்டுல ரவை இல்லன்னு உன்கிட்ட சொல்லுதானாக்கும்னு வாங்கியாந்தேன்” என்றார்.

சிரிக்கவேண்டிய விஷயம்தான். நான் உள்ளே போய் அழுதேன்.

அந்த வாரம் முழுக்க லேப்டாப்பைத் தொடவில்லை. ஆபீஸில் பர்ச்சேஸ் ஆர்டரில் அளவை மாற்றி அடித்துத் திட்டு வாங்கினேன். மனதுக்குள் அந்த மதியத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு உண்மையிலேயே நான் ஒப்புக்கொண்டதாகத்தான் தோன்றியதா? இல்லை, சரி என்று ஒரு சத்தம் வந்தால் போதும் என்று இருந்தாரா? இன்னொரு பக்கம், ஒருவேளை அவர் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? அதுவும் தெரியவில்லை. கோபப்படுவதற்குக்கூட உறுதியாக ஒரு இடம் கிடைக்காமல் இருந்தது.

ஞாயிறு வந்தது. நான் மத்தியானம் சமையலை முடித்துவிட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்திருந்தேன். பேசவேண்டாம் என்றுதான் முடிவு. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். மாமா இஸ்திரி சட்டை போட்டு, தலை வாரி, காலி ஸ்டூலுக்கு முன்னால் முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். டிவியைக்கூடப் போடவில்லை.

லேப்டாப்பை எடுத்துவந்து திறந்தேன். ஒரு வாரமாகச் சார்ஜ் போடாததால் உடனே அணைந்துவிடுவேன் என்று எச்சரித்தது. படுக்கையறையிலிருந்து சார்ஜரை எடுத்துவந்து, டிவி பிளக்கைப் பிடுங்கி, அதில் செருகினேன். கூப்பிட்டேன்.

கணவரின் முகம் வந்தது. முழு முகம். இப்போது நின்றுவிடும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. அவர் கண்ணைச் சிமிட்டினார். தொண்டையைச் செருமியது அப்போதே கேட்டது. ஐந்து மாதத்துக்கும் மேலாக நான் சரியாகப் பார்க்காத அவருடைய அறை பின்னால் தெரிந்தது. ஒற்றைக் கட்டில், ஹீட்டரின் மேல் காயப்போட்ட சட்டை, தரையில் ஒரு ரைஸ் குக்கர். அவர் இளைத்திருந்தார். இடது புருவத்தின் ஓரத்தில் ஆறிப்போன ஒரு வெட்டு. அதைப் பற்றி அவர் சொன்னதே இல்லை. சொல்லியிருந்து எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம்.

யாரும் பேசவில்லை. நெட்தான் நின்றுவிட்டதோ என்று மாமாவுக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். “ஏய், கைய ஆட்டுடே” என்றார். கணவர் கையை ஆட்டினார். அது அந்த நொடியே வந்து சேர்ந்தது.

“நெத்தியில என்னது?” என்று கேட்டேன்.

“மெஷின் கதவு இடிச்சிருச்சு. அப்பவே சொன்னேனே.”

“கேக்கல.”

மாமா எழுந்து நின்றார். “நான் கடை வரைக்கும் போய்ட்டு வாரேன்” என்று செருப்பைப் போட்டுக்கொண்டார். மத்தியான நேரத்தில் எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை.

“நான் ஒண்ணு கேக்கேன், நேராச் சொல்லணும்” என்றேன். “நான் சரின்னு சொன்னப்ப, எனக்கு முழுசாக் கேட்டுத்தான் சொன்னேன்னு நெனச்சீங்களா?”

அவர் கீழே பார்த்தார். முன்பென்றால் படம் நின்றுவிட்டது என்று எண்ணியிருப்பேன். “சந்தேகமாத்தான் இருந்துச்சு” என்றார். “நீ அவ்வளவு சுளுவா ஒத்துக்கிட மாட்டேன்னு தெரியும். அதான் நெசமாவான்னு கேட்டேன். நீ ஆமான்னதும் மூணாவது தடவ கேக்கத் தோணல.”

“ஏன்?”

“இல்லைன்னு சொல்லிருவியோன்னுதான்.”

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வேறு ஏதோ வந்தது. அதற்குப் பெயர் தெரியவில்லை. “உங்களுக்கு அங்க இருக்கணுமா?” என்றேன்.

“வேலை பிடிச்சிருக்கு. இங்க ஒருத்தனும் என்னைய வெரட்டல. ஆனா ஞாயித்துக்கெழம பேசி முடிச்சப்புறம் அன்னைக்கு முழுக்க ஒண்ணும் ஓடமாட்டேங்கு. இருக்கணுமா வேண்டாமான்னு கேட்டா, எனக்கே தெரியல.” பிறகு, “உனக்கு இங்க வரணுமா?” என்றார்.

“எனக்கும் தெரியல. வேலை இருக்கு. மாமா இருக்காங்க. அவங்கள எங்க விடுறது? அங்க வந்து நான் என்ன செய்வேன்?”

இப்படியே அன்று வெகுநேரம் பேசினோம். ஒரு முடிவுக்கும் வரவில்லை. ஆனால் இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பதாவது தெளிவாகக் கேட்டது. எட்டு மாதத்தை முடித்துவிட்டு முதலில் ஊருக்கு வருவது, மற்றதை ஒரே வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்வது என்று கடைசியில் அவரே சொன்னார். மேனேஜரிடம் போய் மாற்றிச் சொல்வது லேசான காரியம் இல்லை. அவர் எப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. “பேசிட்டேன்” என்று மட்டும் அடுத்த வாரம் சொன்னார்.

அவர் துண்டித்த பிறகு, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். திக்கியது. செருகினேன். ஓடியது. பிடுங்கினேன், திக்கியது. மாமா திரும்பி வந்து, நான் பிளக்கைச் செருகுவதும் பிடுங்குவதுமாக இருந்ததைப் பார்த்தார். “கரண்டு அடிச்சிரப் போகுது” என்றார்.

ரிப்பேர்க்காரருக்குப் போன் செய்தேன். “சார்ஜருக்கும் நெட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?” என்று கேட்டேன். “ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லீங்க” என்றார். பிறகு, “இருங்க, வரேன்” என்றார்.

வந்தவர் இந்தத் தடவை சார்ஜர் இல்லாமலேயே திறந்தார். பேட்டரியில் ஓடும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த, வயர்லெஸ் அடாப்டரை அந்த லேப்டாப் பாதித் தூக்கத்தில் வைத்திருந்தது. சிக்னல் முழுசாகக் காட்டும், ஆனால் ஒழுங்காக வேலை செய்யாது. அவர் ஒவ்வொரு முறையும் வந்ததும் சார்ஜரைச் செருகியதால் அது அவருக்கு முன்னால் எப்போதும் விழித்தே இருந்திருக்கிறது. பவர் செட்டிங்கில் ஒரே ஒரு இடத்தில் மாற்றி வைத்தார். அவ்வளவுதான்.

“மூணு தடவ வந்தேன் மேடம். எனக்குத் தோணவே இல்ல பாருங்க” என்றார். “டிரைவர் போட்டதுலயே சரியாகி இருக்கணும். இது எதுக்கு இப்படிப் பண்ணுதுன்னு எனக்கு இன்னும் முழுசாப் புரியலீங்க.” காபி குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த லேப்டாப் ஹாலில், சமையலறையில், மொட்டைமாடியில், எங்கே வைத்தாலும் ஒழுங்காக ஓடியது.

நெட் சரியான பிறகு எங்கள் பேச்சு எளிதாகிவிடவில்லை. முன்பு பாதி நேரம் “கேக்குதா, கேக்குதா” என்பதிலேயே போய்விடும். இப்போது எல்லாம் கேட்டது. அவர் கொட்டாவி விடுவது, நான் வேறெங்கோ பார்ப்பது, எல்லாம் தெரிந்தது. சின்னச் சின்னச் சண்டைகள் வந்தன. மாமாவுக்கு மட்டும் முழுத் திருப்தி. மகனின் முகத்துக்கு மிக அருகில் குனிந்து, “ஷேவ் பண்ணலியா?” என்று கேட்பார்.

எட்டு மாதம் முடிந்து அவர் வந்தார். மாமா ஊருக்குத் திரும்பினார். கம்பெனி ஜெர்மனிக்கு வேறு ஒருவரை அனுப்பியது. காய்கறிக் கடையில் என்னிடம் பேசினாரே, அவருடைய கணவரைத்தான். சில மாதத்தில் அவரும் பிள்ளைகளோடு கிளம்பிப் போனார். நாங்கள் போவதைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து பேசலாம் என்றிருந்தோமே, அதைப் பேசவே இல்லை. போவதற்கு அங்கே வேலையும் காலியாக இல்லை.

சில வருடம் கழித்து கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்தில் அந்தக் குடும்பத்தைப் பார்த்தோம். விடுமுறைக்கு வந்திருந்தார்கள். அந்தப் பெண் கேமராவில் படங்களைக் காட்டினார். பனி, பிள்ளைகளின் பள்ளி, அவர்கள் இருக்கும் தெரு. என் கணவர் ஒரு படத்தில் மட்டும் கையை வைத்து நிறுத்தினார்.

“இந்த பஸ் ஸ்டாப் எனக்குத் தெரியும். பின்னாடி ஒரு ரொட்டிக் கடை இருக்கும்” என்றார்.

“இப்பவும் இருக்குதுங்க” என்றார் அந்தப் பெண்.

ஓசூர் பஸ்ஸில் திரும்பும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெளியே மாந்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன.

“வருத்தமா இருக்கா?” என்று கேட்டேன்.

“எதுக்கு?” என்றார்.

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லையா, தெரிந்தும் கேட்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். பக்கத்தில்தான் இருந்தார், ஆனாலும் என்னால் சொல்ல முடியவில்லை. நான் இன்னொரு தடவை கேட்க நினைத்தபோது கண்டக்டர் வந்து நின்றார். கணவர் சட்டைப் பையில் சில்லறையைத் தேடியபடி, “ஓசூர் ரெண்டு” என்றார்.